ஒய்.எம்.சி.ஏ. ரோட்டில் கிடைத்த ஓட்டல்

திருவனந்தபுரம் பிரிட்டிஷ் லைப்ரரி 1964-ல் வந்தது, 2008-ல் மூடப்பட்டது. தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில், ஒய்.எம்.சி.ஏ. ரோட்டில் இருந்தது. ஆங்கில நாவல், லண்டன் பத்திரிகை, பிள்ளைகளின் பரீட்சைக்கான புத்தகம் இவற்றுக்காகத்தான் பலரும் சந்தா கட்டினார்கள். வீடியோ கேசட் அலமாரி வந்தபிறகு என்னைப் போல வேறொரு கூட்டமும் உள்ளே நுழைந்தது. செயலகத்துக்காரர்கள் தேடுவது 'யெஸ் மினிஸ்டர்'. ஃபைலை அமுக்கும் செயலாளரும் புரியாமல் தலையாட்டும் மந்திரியும் அவர்களுக்கு வெளிநாட்டுக் கதையே அல்ல. அந்தக் கேசட் திரும்பி வந்து அலமாரியில் ஏறுவதற்குள் அடுத்த ஆள் தயாராக நிற்பார். பக்கத்தில் சும்மா கிடந்த, ஓட்டல் ஒன்றில் நடக்கும் சிரிப்புத் தொடர் 'ஃபால்ட்டி டவர்ஸ்' எனக்குக் கிடைத்தது.

பி.பி.சி.யில் 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு. மொத்தமே 12 எபிசோட், ஒவ்வொன்றும் அரைமணி. ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடித்து உட்கார்ந்தால் சாயங்காலக் காப்பிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். கடைசி எபிசோட் மட்டும் பல மாதம் தள்ளி, அக்டோபரில் வந்தது; பி.பி.சி.யில் தொழிலாளர் தகராறு. செயலக வாசலில் தினம் ஒரு கொடியும் கோஷமும் பார்க்கிற ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கதைக்கு மூலம் ஒரு நிஜ ஓட்டல். 1970-ல் மாண்ட்டி பைதான் நகைச்சுவைக் குழு படப்பிடிப்புக்குப் போனபோது இங்கிலாந்தில் டார்க்கீ என்ற கடலோர ஊரில் க்ளெனீகிள்ஸ் ஓட்டலில் தங்கியது. முதலாளி டொனால்ட் சின்க்ளேருக்கு விருந்தாளி என்றாலே ஆகாது. ஒருவர் கத்தியும் முள்கரண்டியும் பிடித்த விதத்தைக் குறை சொன்னார். குழுவில் இருந்த எரிக் ஐடிலின் பெட்டிக்குள் அலாரம் கடிகாரம் டிக்டிக் என்றதும், வெடிகுண்டோ என்று பயந்து வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார். மற்றவர்கள் அறையைக் காலி செய்துகொண்டு போக, குழுவின் ஜான் க்ளீஸ் மட்டும் அங்கேயே இருந்து ஆளைக் கவனித்தார். பிறகு அவரும் மனைவி கானி பூத்தும் சேர்ந்து தொடரை எழுதினார்கள். இரண்டாவது ஆறு வருவதற்குள் விவாகரத்தே ஆகிவிட்டது, எழுத்து நிற்கவில்லை. வழக்கமான அரைமணி நாடகத்துக்கு ஆகும் பக்கங்களைப்போல இரண்டு மடங்கு எழுதி, அத்தனையையும் அரைமணிக்குள் ஓட்டினார்கள். இந்த வேகத்தில் 12-க்கு மேல் யாராலும் முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கரமனையில் எங்கள் வீட்டில் கெல்ட்ரான் டிவி, இந்த ஊர் அரசு நிறுவனத்துச் சரக்கு. கேசட்டைப் போட்டதும் திரை முழுக்கக் கோடு ஓடும். டிராக்கிங் குமிழைத் திருகத் திருகத்தான் ஓட்டல் நேராக நிற்கும். அம்மா நாகர்கோவில்காரி, இங்கிலீஷ் தெரியாது. முதலாளி பேசில், ஸ்பெயினிலிருந்து வந்த சப்ளையர் மானுவலின் மண்டையில் தட்டும்போதெல்லாம் கேட்பாள்:

"ஏட்டி, எதுக்கு அந்தப் பயலப் போட்டு இப்பிடி அடிக்கான்?"

"பாஷை புரியல்லேன்னுதான். சும்மா சிரிக்கதுக்கும்மா."

"அவனுக்கும் ஒரு அம்மை உண்டுல்லா."

தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில் உட்காரும்போது அந்தக் கேள்வி நினைவுக்கு வரும். அந்தக் கட்டடத்தைக் கட்டியவரும் இங்கிலாந்துக்காரர்தான், லாரி பேக்கர். செங்கல் கோபுரம்போலச் சுருண்டு ஏறும் தளம், வெளிச்சுவரை ஒட்டிக் கட்டியே வைத்த மேஜைகள். விசிறித் தலைப்பாகை கட்டிய சப்ளையர் கட்லெட் தட்டோடு அந்தச் சரிவில் ஏறி வருவார், நடை தடுமாறாது. 1950-களின் கடைசியில் காபி போர்டு வேலையைவிட்டு அனுப்பியவர்களைச் சேர்த்து ஏ.கே. கோபாலன் முன்னின்று அமைத்த தொழிலாளர் கூட்டுறவின் வழிவந்த கடை. பரிமாறுகிறவரே பங்குதாரர். மானுவல் இங்கே சேர்ந்திருந்தால் முதல் அடியிலேயே கதை முடிந்து, பேசில் சங்கத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார்.

'ஃபால்ட்டி டவர்ஸ்' மாதிரி 12 எபிசோடில் முடிகிற சின்னத் தொடர் எங்களுக்குப் புதிதல்ல. குடப்பனக்குன்று தூர்தர்ஷன் 1985-ல் மலையாளம் தொடங்கிய காலத்தில் தொடர் என்றாலே 13 வாரக் கணக்கு. பிறகு சன் டிவி வந்தது; 1999 கடைசியில் தொடங்கிய 'சித்தி' நானூறு எபிசோடைத் தாண்டியது. அம்மா ஒன்றுவிடாமல் பார்த்தாள். அதில் யார் யாரை அடித்தாலும் காரணம் தெரியும் என்பாள்.

'ஃபால்ட்டி டவர்ஸி'ல் 'தி ஜெர்மன்ஸ்' என்ற எபிசோடில், அந்த ஓட்டலிலேயே குடியிருக்கும் கிழட்டு மேஜர் கிரிக்கெட் பேச்சில் இந்தியர்களையும் மேற்கிந்தியத் தீவுக்காரர்களையும் இனவசையோடு குறிப்பிடுவார். இதற்காக 2020-ல் யு.கே.டி.வி. அந்த எபிசோடை எடுத்துவிட்டு, சில நாளில் எச்சரிக்கை சேர்த்துத் திருப்பிப் போட்டது. கேசட்டில் அதைக் கேட்டபோது நான் சிரித்தேன். இன்று கேட்டாலும் சிரிப்பேன். சாம்ராஜ்யம் போய் முப்பது வருஷம் ஆகப்போகிறது, மனிதர் இன்னும் பேப்பர் வந்ததா என்று கேட்டுக்கொண்டு ஓட்டல் அறையில் இருக்கிறார். அவர்மேல் என்ன கோபம்? மானுவல் விஷயத்தில்தான் நான் அம்மா பக்கம்.