பிராங்கிளினின் தந்த ஏடு

மனிதன் தன் அன்றாட ஒழுகலாற்றைத் தானே அளந்தறிய முயன்ற வரலாற்றிலே, பெஞ்சமின் பிராங்கிளின் (1706 - 1790) ஆக்கிய சிற்றேட்டுக்குத் தனியிடமுண்டு. மின்னலை ஆராய்ந்த அறிஞராகவும், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்திற் கைச்சாத்திட்டவராகவும் அவரை அறிந்தோர் பலர். ஆயின் அவர் தொழிலால் ஓர் அச்சாளர். கோடும் கட்டமும் அவர் கைக்குப் பழகியவை. இதனை மனங்கொண்டால் அவ்வேட்டின் அமைப்பு வியப்பளிக்காது.

பிலடெல்பியாவில் வாழ்ந்த இளமைக்காலத்திலே, குறையற்ற ஒழுக்கத்தை எய்த விழைந்த அவர் மிதவுண்டி, மௌனம், ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு, நீதி முதலாய பண்புகளைத் தெரிந்தெடுத்தார். முதலில் அவை பன்னிரண்டே. அவர் செருக்குடையவரெனக் கருதப்படுவதை நண்பரொருவர் எடுத்துரைக்கவே, பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. ஏட்டிலே பண்பொன்றுக்குப் பக்கமொன்று ஒதுக்கப்பட்டது. பக்கந்தோறும் கிழமையின் நாட்களுக்கென ஏழு நிரல்களும், பண்புகளுக்கெனப் பதின்மூன்று நிரைகளும் சிவப்பு மையால் வரையப்பட்டன. அன்றைய நடத்தையை ஆராய்ந்து, தவறு நேர்ந்த பண்புக்குரிய கட்டத்திற் கரும்புள்ளி இடுதல் முறை. நற்செயலைக் குறிப்பதற்கு ஏட்டில் இடமே இருக்கவில்லை. கிழமைக்கொரு பண்பிற் சிறப்பாகக் கருத்தூன்றி, அதன் நிரையைப் புள்ளியின்றிக் காக்க முயன்றார். பதின்மூன்று கிழமைகளில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்றுக்கள்.

திட்டம் சிறந்ததாயினும் தாள் தாங்கவில்லை. புதிய சுற்றுக்கெனப் பழைய புள்ளிகளைச் சுரண்டியதால் ஏடு ஓட்டையாயிற்று. எனவே அட்டவணையை யானைத் தந்தத் தகடுகளுக்கு மாற்றினார். சிவப்புக் கோடுகள் அவற்றில் அழியாக் கறையாக ஊறின. பென்சிலால் இட்ட புள்ளிகளோ ஈரக் கடற்பஞ்சினால் எளிதில் நீங்கின. நிலைக்கவேண்டியது நிலைக்கவும் நீங்கவேண்டியது நீங்கவும் செய்த இவ்வமைப்பு, அச்சுக்கூட அறிவின் விளைவு எனலாம். எனினும் அதற்கொரு விலையுமுண்டு. துடைத்த தகடு சென்ற ஆண்டின் பிழையை நினைவூட்டாது. அது பதிவேடன்று, மீண்டும் தொடங்குவதற்கான கருவி மட்டுமே.

1784 இல், பாரிசை அடுத்த பசியில் இருந்தபோது தம் சுயசரிதையில் இவற்றை அவர் விவரித்தார். தாம் எண்ணியதிலும் மிகுந்த குறைகள் தம்மிடம் இருந்தமை கண்டு வியந்ததாகவும், ஒழுங்கே தமக்குப் பெருந்தொல்லை தந்ததாகவும் ஒளிவின்றி எழுதினார். காலப்போக்கிற் சுற்றுக்கள் ஆண்டுக்கொன்றாகி, பின் பல ஆண்டுகளுக்கொன்றாகி, ஈற்றில் நின்றுபோயின. ஏட்டை மட்டும் எப்போதும் உடன் கொண்டுசென்றார்.

அவ்வேட்டில் நீதிக்கும் ஒரு நிரை இருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பிறர்க்குத் தீங்கிழையாமையே அதன் பொருளென அவரே வகுத்திருந்தார். அவர் வீட்டிலோ அடிமைகள் ஏவல் செய்தனர். அவருடைய பென்சில்வேனியா கசற் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளிவந்தன. உடையவன் தவறென ஏற்றுக்கொண்டதையே கட்டம் காட்டும். ஏற்காததற்கு அதிற் புள்ளி விழாது. 1763 இல் பிலடெல்பியாவிலே கறுப்பினச் சிறாரின் பள்ளியொன்றைப் பார்வையிட்ட பின்னரே, அவர்களின் இயல்பான ஆற்றல் பற்றி முன்னிலும் உயர்ந்த கருத்துக் கொண்டதாக அவர் கடிதம் எழுதினார். கண்ணெதிரே கண்ட பிள்ளைகள் உணர்த்தியதை, முப்பதாண்டுக்கால அட்டவணை உணர்த்தியிருக்கவில்லை. 1787 இல் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். அடிமைமுறைக்கு எதிராகக் காங்கிரசுக்கு அனுப்பப்பட்ட மனுவில் 1790 பெப்ரவரியிற் கைச்சாத்திட்டார்; ஏப்ரல் 17 இல் காலமானார்.