வேட்புமனுவின் வரலாறு



மேலவளவு என்றதும் நம் நினைவுக்கு வருவது 1997 ஜூன் 30. ஆண்டுதோறும் அந்த நாளில் கூடுகிறோம், வீரவணக்கம் செலுத்துகிறோம். அந்தக் கொலைக்கு முந்தைய மாதங்களைப் பற்றி நாம் எழுதியது குறைவு. இன்று முருகேசனையும் அவருடைய தோழர்களையும் கொல்லப்பட்டவர்களாக அல்லாமல், தேர்தலில் நின்றவர்களாக நினைவுகூர விரும்புகிறோம்.

சபைகளில் நம்மவர் இடம்பெற்றது அதற்கு வெகுகாலம் முன்பே. 1920இல் எம்.சி. ராஜாவும் 1923இல் இரட்டைமலை சீனிவாசனும் சென்னைச் சட்டமன்றத்திற்குள் சென்றார்கள். இருவரும் நியமன உறுப்பினர்கள். நியமனம் என்பது அரசு அழைத்துத் தரும் இடம். வேட்பு என்றால் விருப்பம். 'இந்தப் பதவி எனக்கு வேண்டும்' என்று சொந்த ஊரில், தனக்குக் கூலி கொடுப்பவரின் கண்ணெதிரே எழுதிக்கொடுப்பதுதான் வேட்புமனு. 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் தலைவர் பதவிகளை ஒதுக்கியபோதுதான் இந்த விருப்பம் கிராமத்தில் சட்ட உரிமையானது.

ஆதிக்க சாதியினருக்கு அந்தப் பதவியில் என்ன இருந்தது? மானப்பிரச்சினை என்றார்கள். மானம் மட்டுமா? கண்மாய் மீன் குத்தகை, மரக் குத்தகை, சாலை, கட்டட ஒப்பந்தம், தீர்மானப் புத்தகம், காசோலையில் கையெழுத்து. இவையெல்லாம் சேர்ந்ததுதான் ஊராட்சி.

1996இல் மேலூர் வட்டத்து மேலவளவு தனி ஊராட்சியானது. அக்டோபர் தேர்தலுக்கு மனு போட்டவர்கள் மிரட்டப்பட்டார்கள். குடிசைகள் எரிந்தன. மனுக்கள் திரும்பப் பெறப்பட, தேர்தல் நின்றது. டிசம்பரில் மீண்டும் தேர்தல். வாக்குச்சாவடிக்குள் புகுந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளில், காவல்துறைப் பாதுகாப்போடு மறுவாக்குப்பதிவு நடந்தது, முருகேசன் தலைவரானார். எரிந்த வீட்டையும் பறிபோன பெட்டியையும் பார்த்த பிறகும் ஒரு மனிதர் போட்டியில் நின்றிருக்கிறார். வென்ற பிறகும் அவரால் இயல்பாக அலுவலகம் செல்ல முடியவில்லை. ஜூன் 30 அன்று, எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்க மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பியபோது, துணைத் தலைவர் மூக்கன் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுவித்தது.

உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, அதே மதுரை மாவட்டத்து நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் வேறு உத்தி. அரிவாளுக்கு அங்கே அவ்வளவு வேலையில்லை. ஒன்று, மனுவே விழாமல் பார்த்துக்கொள்வது. இல்லையென்றால் தங்கள் சொல்லை மீற முடியாத ஒருவரை நிறுத்தி, வெல்லவைத்து, பதவியேற்ற சூட்டோடு ராஜினாமா செய்யவைப்பது. சட்டம் இடத்தை ஒதுக்கித் தந்தது. நிற்பதற்கு ஆள் வேண்டுமே! சுழற்சி மாறும்வரை காத்திருந்தால் போதும் என்பது அவர்களின் கணக்கு. அந்தக் கணக்கு பத்தாண்டுகள் பலித்தது. 2006 அக்டோபரில்தான் நான்கு ஊர்களிலும் தேர்தல் முறையாக நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். அடுத்த மாதம் சென்னையில் அரசு சமத்துவப் பெருவிழா எடுத்தது.

விழாவோடு கதை முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவர் தரையில் உட்காரவைக்கப்பட்டார். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் சுதந்திர நாளில் கொடியேற்ற முடியவில்லை. சில நாள் கழித்து ஆட்சியர் வந்துதான் ஏற்றவைத்தார். நாற்காலி கிடைக்காத இடத்தில் துணைத் தலைவரின் பேனாவும் ஓர் ஆயுதம். இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் காசோலை செல்லும். அவர் மறுத்தால் தெருவிளக்குக்கு பல்பு வாங்கக்கூட வழியில்லை.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். மனுவில் வேட்பாளரோடு முன்மொழிபவர் என்று இன்னொருவரும் கையெழுத்திட வேண்டும். 1996இல் அங்கே கையெழுத்திட்டவர்கள் யார்? மனுவைத் திரும்பப் பெற்றவர்கள் அன்றிரவு எங்கே தூங்கினார்கள்? அவர்களைக் கோழைகள் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். இன்று அவர்களுக்கு வயதாகிவிட்டது. அடுத்த ஜூன் 30க்கு மேலூர் வரும்போது ஒரு நாள் முன்னதாக வாருங்கள், ஒலிப்பதிவுக் கருவியோடு.