பேர் கேட்காமல் நடந்த வழி

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது வியட்நாமில் இருக்கிறாள். முதுகில் ஒரு பையோடு ஹனோயிலிருந்து ஹோசிமின் நகரம் வரை ஊர் ஊராகப் போகிறாள். வழியில் பழகிய நாலைந்து பேர் கூட்டாளிகள். "பேக்பேக்கிங் சார்" என்று படம் அனுப்பியிருந்தாள். மறுநாள் அவள் அம்மா போன் செய்து, "முன்னப்பின்னத் தெரியாதவங்களோட போறா சார், நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்றார்.

எனக்குப் புத்தி சொல்லத் தோன்றவில்லை. என் அம்மாவைப் பெற்ற தாத்தாதான் நினைவுக்கு வந்தார். அவரும் முதுகில் ஒரு கோணிப்பையோடு, முன்பின் தெரியாத ஐந்து பேருடன் அயல்நாட்டில் ஊர் ஊராக நடந்தவர். அது 1942, பர்மாவில்.

முப்பத்தோரு வருடம் வரலாறு நடத்தினேன். இரண்டாம் உலகப்போர் பாடத்தில், "ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியது" என்ற வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அந்த ஒரு வரிக்குள் என் தாத்தா நடந்துகொண்டிருந்தார் என்பதை ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. அந்தக் கடனைத்தான் இன்று அடைக்கிறேன்.

அந்தக் காலத்தில் நம் பக்கம் மழை பொய்த்தால் பிழைக்க வழி கப்பல்தான். இலங்கைத் தோட்டம், மலாயா, இல்லையென்றால் ரங்கூன். 1931 கணக்குப்படி பர்மாவில் இருந்த இந்தியர்கள் சுமார் 10 லட்சம். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் நம்மவர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் பெரும்பாலோர் தெலுங்கர்கள். வட்டிக்கடை செட்டியார்கள், அரிசி ஆலைக் கணக்கர்கள், கூலிகள் என்று தமிழர்கள் நிறைய. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மாவை இந்தியாவிலிருந்து தனியாகப் பிரித்தார்கள். அதுவரை ஒரே ஆட்சிக்குள் இருந்த ஊர் ஒரே நாளில் வெளிநாடாகிவிட்டது. தாத்தா அங்கே ஓர் அரிசிக் கிட்டங்கியில் கணக்கு எழுதினார்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு போட்டது. கிறிஸ்துமஸ் அன்றும் போட்டது. ஊர் காலியாகத் தொடங்கியது. காசுள்ளவர்கள் கப்பலிலும் விமானத்திலும் போனார்கள். ஏழைகளுக்குக் கால்தான் வாகனம். ஒரு கூட்டம் புரோம் வழியாக அரக்கான் மலையைத் தாண்டி சிட்டகாங் பக்கம் போனது. இன்னொரு கூட்டம் மாண்டலே போய், சிந்துவின் ஆற்றில் படகேறி, கலேவா, தாமு வழியாக மணிப்பூர் வந்தது. கடைசியாகக் கிளம்பியவர்கள் வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கில் மழையில் சிக்கினார்கள். 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் விழுந்தது. மொத்தம் நாலைந்து லட்சம் பேர் இப்படி வெளியேறினார்கள். வழியில் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்கள் பல ஆயிரம். வெள்ளையருக்கு நல்ல வழி, நம்மவருக்குக் கெட்ட வழி என்று பாகுபாடு காட்டியதை இந்தியத் தலைவர்கள் அப்போதே கண்டித்தார்கள்.

ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் தம் மனைவியோடு இப்படி வந்தவர்தான். அதை 'பர்மா வழிநடைப் பயணம்' என்று புத்தகமாக எழுதியிருக்கிறார். கிடைத்தால் அவசியம் படியுங்கள். தமிழில் பயண நூல்கள் பல உண்டு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பயணத்தைச் சொல்வது அபூர்வம்.

தாத்தா எதையும் எழுதவில்லை, பேசவும் மாட்டார். ஒரே ஒரு பழக்கம் மட்டும் உண்டு. ஆடி அமாவாசைக்குத் தாடிக்கொம்பு போய், குடகனாற்றில் தன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த பிறகு, இன்னொரு கை இறைப்பார். "அது யாருக்கு?" என்று கேட்டால் பதில் வராது. நான் கல்லூரியில் படித்தபோது, ஒருநாள் அவராகவே சொன்னார்.

கலேவாவிலிருந்து நடக்கத் தொடங்கியபோது அவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் தமிழர், ஒருவர் தெலுங்கர். தெலுங்கருக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்குத் தெலுங்கு தெரியாது. ஆறு பேரும் பர்மிய மொழியில்தான் பேசிக்கொண்டார்கள். தாத்தாவை விட மூத்தவர் என்பதால் அவரை "அக்கோ" என்று கூப்பிட்டார். பர்மிய மொழியில் அண்ணன் என்று அர்த்தம். தாத்தாவுக்குக் காலில் கொப்புளம் வெடித்து நடக்க முடியாதபோது, இரண்டு நாள் அவருடைய பையையும் சேர்த்துச் சுமந்தவர் அந்த அக்கோ.

காபோ பள்ளத்தாக்கு மலேரியாவுக்குப் பேர்போனது. தாமுவுக்கு முன்னால் அக்கோவுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. ஒருநாள் காத்திருந்தார்கள். அரிசி தீர்ந்தது. மறுநாள் காலையில் மரத்தடியில் அவரைப் படுக்க வைத்து, ஒரு தகரக் குவளையில் தண்ணீர் வைத்துவிட்டு, ஐந்து பேரும் நடந்தார்கள். "போயிட்டு வாங்கன்னு கையைக் காட்டுனார்டா" என்றார் தாத்தா. அதற்கு மேல் பேசவில்லை.

பிறகு பாலேல், அங்கிருந்து லாரியில் இம்பால், திமாப்பூர், ரயிலில் கல்கத்தா, சென்னை, திண்டுக்கல். ஊருக்கு வந்ததும் அக்கோ வீட்டுக்கு ஒரு கடிதாசி போட வேண்டும் என்று உட்கார்ந்தாராம். அப்போதுதான் உறைத்திருக்கிறது. அவருடைய பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அத்தனை தூரம் கூட நடந்தவர், தன் பையைச் சுமந்தவர், அவரிடம் பேர் கேட்கவில்லை. எங்கோ ஒரு வீட்டில், செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாமல் ஒருத்தி காத்திருந்திருப்பாள். தாத்தாவைக் கடைசிவரை அரித்தது இதுதான். விட்டுவிட்டு வந்ததைக்கூட விதி என்று சொல்லிக்கொண்டார், இதற்கு அவரிடம் சமாதானம் இல்லை.

வரலாறு அந்த வழியை இன்னொரு முறையும் திறந்தது. 1962க்குப் பிறகு நே வின் ஆட்சியில் கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்டபோது, மிச்சமிருந்த தமிழர்களில் பலர் கப்பலில் திரும்பினார்கள். இங்கே பிழைக்க முடியாமல் சிலர் மணிப்பூர் வழியாக மறுபடி பர்மாவுக்கே நடக்கப் பார்த்தார்கள். எல்லை தாண்ட முடியவில்லை. தாமுவுக்கு எதிரே மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில் இது: "தைப்பூசத்துக்கு நம்ம ஊர் வழியா பழனிக்கு நடக்கிறவங்க எல்லாரும் சொந்தக்காரங்களா அம்மா? கூட நடக்க நடக்கத்தான் சொந்தம். பயப்படாதீங்க."

மகளுக்கு ஒன்றே ஒன்று எழுதினேன். "கூட வருகிறவர்களின் முழுப் பேர், ஊர், வீட்டு நம்பர் எழுதி வாங்கிக்கொள். உன்னுடையதையும் கொடு." இரவே பதில் வந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். ஐந்து பேர், ஐந்து நாடு, ஐந்து கையெழுத்து.

உங்கள் வீட்டிலும் ரங்கூன், மலாயா, கொழும்பு போய்வந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். முக்கியமாக, பேரைக் கேளுங்கள்.