கறுப்பின அமெரிக்கர்களுக்குத் தூக்கம் ஏன் குறைவு? மறதி நோயோடு அதற்கு என்ன தொடர்பு?

அமெரிக்காவில் வயதான கறுப்பினத்தவருக்கு அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்கள் (டிமென்ஷியா) இருக்கும் வாய்ப்பு, அதே வயது வெள்ளையரைவிட சுமார் 2 மடங்கு. ஹிஸ்பானிக் முதியவர்களுக்கு 1.5 மடங்கு. அந்நாட்டின் அல்சைமர் சங்கம் தரும் கணக்கு இது. ரத்த அழுத்தம், சர்க்கரை, படிப்பு, வருமானம் எனக் காரணங்கள் பல. ஆய்வாளர்கள் இப்போது தூக்கத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

வித்தியாசம் எவ்வளவு?

சிகாகோவில் நடுவயதினர் 669 பேரின் தூக்கத்தை, கையில் சென்சார் கட்டி அளந்தார்கள். 2006-ல் வெளியான அதன் முடிவு (ஒரு இரவின் சராசரி):

- வெள்ளையினப் பெண்கள்: 6.7 மணி நேரம்
- வெள்ளையின ஆண்கள்: 6.1
- கறுப்பினப் பெண்கள்: 5.9
- கறுப்பின ஆண்கள்: 5.1

வருமானம், வேலை, வாழ்க்கைமுறை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் இடைவெளி மறையவில்லை.

தூக்கம் குறைந்தால் மூளைக்கு என்ன?

பிரிட்டனில் அரசு ஊழியர்களாக இருந்த கிட்டத்தட்ட 8,000 பேரை 25 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2021-ல் வந்தது. 50 வயதிலிருந்து 70 வரை தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதி நோய் ஆபத்து 30% அதிகம். ஆனா இது தொடர்புதான், நிரூபணம் இல்லை. மறதி நோயின் ஆரம்பமே தூக்கத்தைக் கெடுக்கலாம். லான்செட் ஆணையம் 2024-ல் பட்டியலிட்ட 14 ஆபத்துக் காரணிகளில் தூக்கம் இடம்பெறவில்லை.

அப்போ ஜீன்தான் காரணமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இனம் என்பது பெரும்பாலும் சமூகம் போட்ட கோடு. 1930-களில் அரசு அமைப்பு ஒன்று கறுப்பினப் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்தது. அங்கே வீட்டுக்கடன் கிடைப்பது கஷ்டமானது. அந்தப் பகுதிகள் பலவற்றில் இன்றும் மரங்கள் குறைவு, வெப்பம் அதிகம். இதோடு நைட் ஷிஃப்ட், வாகன இரைச்சல், அன்றாடப் பாகுபாடு தரும் மன அழுத்தம். தூக்கம் கெட இவ்வளவு போதும்.

கண்ணில் படாத நோய்

மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில், சராசரி 63 வயதுள்ள கறுப்பினத்தவரைப் பரிசோதித்தபோது, 24% பேருக்கு மிதமான அல்லது கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்பது) இருந்தது. அவர்களில் 95% பேருக்கு எந்த டாக்டரும் அதுவரை அதைச் சொன்னதில்லை. இது 2018-ல் வெளியான முடிவு.

இத்தனைக்கும் ஸ்லீப் ஆப்னியாவுக்குச் சிகிச்சை உண்டு. வீட்டிலேயே பரிசோதனை செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. அதனால்தான் “நல்லா தூங்குங்க” என்ற அறிவுரை மட்டும் இங்கே போதாது. பரிசோதனை யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதே முக்கியமான கேள்வி.