சினை

மரத்தின் கிளையையும், முழுப்பொருளின் உறுப்பையும், விலங்கின் கருவையும், மீன் வயிற்றில் திரளும் முட்டைத் தொகுதியையும் ஒருங்கே குறிக்கும் இச்சொல்லை, நன்னூலார் பெயர்ச்சொல்லின் அறுவகையுள் உறுப்பு என்னும் பொருளிலேயே வைத்தார். அரும்புதல், கருக்கொள்ளுதல் எனப் பொருள்படும் சினைத்தல் என்னும் வினையை உடன்வைத்து நோக்கின், முதல் என்னும் முழுப்பொருளிலிருந்து கிளைப்பதே சினை எனக் கொள்வது பொருந்தும் என்பது என் துணிபு.

கெண்டையின் வயிற்றைக் கீறினால், மெல்லிய சவ்வுக்குள் இரு நீண்ட மடல்களாகக் கிடக்கும் சினையின் ஒவ்வொரு மணியும் தாயுடலிலிருந்து கிளைத்த ஓர் உயிரணுவே. அதன் மஞ்சட்கருவுக்கு மூலமான புரதம் தாயின் ஈரலில் உற்பத்தியாகி, இரத்தத்தின் வழியே வந்து சேர்கிறது. மணியைச் சூழும் உறையின் புரதங்களோ, வரிக்குதிரை மீனில் முட்டையணுவிலேயே தோன்ற, ஜப்பானிய மெடாக்கா மீனில் பெண்மைச் சுரப்பின் ஏவலால் பெரிதும் ஈரலிலேயே பிறந்து வருகின்றன என்பது பேராச்சரியம். உறை தடிக்குங்கால், அதை ஊடுருவும் நுண்குழல்கள் முட்டைக்கும் அதைச் சூழ்ந்த போஷக அணுக்களுக்கும் சம்பந்தத்தைக் காக்கின்றன. எலும்பு மீன்களுள் பெரும்பாலானவற்றில், விந்தணு பிரவேசிக்க ஒற்றைத் துவாரமே உண்டு.

வெளியே இடப்பட்டபின் சினைக்கு வழங்கும் பெயர் முட்டை. நீரில் கருவுற்றதும் அதன் உறை இறுகிக் கடினமாகிறது.