கேடயத்தைச் சோதித்தார்கள், நூலை யார் சோதித்தார்கள்?

பழைய கிரேக்கக் காலாட்படை வீரனின் இடக்கையில் இருந்த வட்டக் கேடயத்துக்கு அஸ்பிஸ் என்று பெயர். குறுக்களவு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எடை 6 முதல் 8 கிலோ இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். உள்ளே மரம், முகப்பில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத வெண்கலத் தகடு, பின்பக்கம் தோல். முன்கையை நுழைத்துக்கொள்ள நடுவில் ஒரு பட்டை, விரல்களால் பற்றிக்கொள்ள விளிம்பில் ஒரு பிடி. மரமும் தோலும் மண்ணில் மக்கிவிடும் என்பதால் பெரும்பாலும் வெண்கலம் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கிறது. கி.மு. 425இல் பைலோஸ் போரில் ஸ்பார்ட்டா வீரர்களிடமிருந்து ஏதென்ஸ்காரர்கள் பறித்துவந்த கேடயம் ஒன்று, 1936இல் ஏதென்ஸின் பழைய சந்தைவெளியில் தோண்டியெடுக்கப்பட்டு இன்றும் அங்கே காட்சிக்கு இருக்கிறது. யாரிடமிருந்து பறித்தது என்பதை அதன் மேலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பொருளைப் பார்த்து எழுதுவது ஒரு வகை ஆய்வு. அதே மரத்தையும் உலோகத்தையும் கொண்டு அதே முறையில் திரும்பச் செய்து, அடித்துப் பார்ப்பது இன்னொரு வகை. இதைச் சோதனைத் தொல்லியல் என்கிறார்கள். ஜான் கோல்ஸ் என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர் 1962இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெயர்பெற்ற முன்னோடி. கிரேக்கக் கேடயத்தைவிடப் பழைய, வடமேற்கு ஐரோப்பாவின் வெண்கலக் காலக் கேடயங்களை அவர் எடுத்துக்கொண்டார். மெல்லிய செம்புத் தகட்டில் செய்த மாதிரி ஒரே வாள்வீச்சில் பிளந்தது, பதப்படுத்திய தோலில் செய்தது தாங்கியது. ஆகவே உலோகக் கேடயங்கள் சடங்குக்கும் பகட்டுக்கும் ஆனவை என்ற முடிவு பல காலம் நிலைத்தது. பின்னர் பேரி மொல்லாய் சரியான வெண்கலத்தில், சரியான கனத்தில் செய்து சோதித்து, உலோகக் கேடயமும் சண்டைக்கு உதவும் என்று 2009இல் எழுதினார். பொருள் மாறினால் வரலாறும் மாறுகிறது. கிரேக்கக் கேடயத்தையும் இப்படியே மாதிரி செய்து, ஈட்டியால் குத்தியும் அம்பெய்தும் பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஆய்வுகளை நான் ஆர்வத்தோடுதான் படித்தேன். ஆரணியில், குழித்தறி ஓடும் தெருவில் வளர்ந்தவள் நான். கையால் செய்து பார்க்காமல் ஒரு பொருளைப் புரிந்துகொள்ள முடியாது என்பது எங்கள் தெருவில் யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம். படிக்கப் படிக்க ஒரு கேள்வி எழுந்தது. கேடயத்தின் வரலாற்றில் பெண் எங்கே இருக்கிறாள்?

ஓரிடத்தில் இருக்கிறாள். ஸ்பார்ட்டாப் பெண்கள் சொன்னதாகப் புளூட்டார்க் தொகுத்தவற்றில், மகனிடம் கேடயத்தைக் கொடுத்து, வென்றால் இதோடு வா, இறந்தால் இதன்மேல் வா என்கிறாள் ஒரு தாய். நமக்கு இது புதிதல்ல. புறநானூற்றின் 279ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் பாடும் தாய், தந்தையையும் கணவனையும் போரில் இழந்தவள். மறுபடியும் போர்ப்பறை கேட்டதும் ஒரே மகனையும் அனுப்பிவைக்கிறாள். பாடப்புத்தகங்கள் இவளை ‘வீரத்தாய்’ என்று மட்டும் கற்பித்தன. ஆனால் பாடியவர் ஒரு பெண். அந்தத் தாய் வேலை மட்டும் கொடுப்பதில்லை. மகனுக்கு வெள்ளைத் துணி உடுத்துகிறாள், தலைக்கு எண்ணெய் தடவிவிடுகிறாள். வேலைப் பற்றி எழுதியவர்கள் பலர். அந்தத் துணியை யார் நூற்றது, எத்தனை நாள் ஆனது என்று கேட்டவர்கள் குறைவு.

போர்க்கருவிகளின் வரலாற்றுக்குள்ளேயே இந்தக் கேள்விக்கு ஒரு வாசல் இருக்கிறது. கிரேக்க வீரர்கள் கேடயத்துக்குப் பின்னால், மார்பில் துணிக்கவசமும் அணிந்தார்கள். அதற்கு லினோதொராக்ஸ் என்று பெயர். ஆளிச்செடியின் நாரிலிருந்து வரும் லினன் துணியில் செய்தது. ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகத்தில் கிரெகரி ஆல்ட்ரீட்டும் அவருடைய மாணவர் ஸ்காட் பார்ட்டெலும் இதைத் திரும்பச் செய்தார்கள். அலிசியா ஆல்ட்ரீட்டும் சேர்ந்து எழுதிய நூல் 2013இல் வந்தது. துணி அடுக்குகளைப் பசையால் ஒட்டிக் கெட்டியாக்கி அம்பெய்து பார்த்தார்கள். பதினைந்து அடுக்கு சேர்ந்த பாளத்தைக் கத்தரியால் வெட்ட முடியாமல், கடைசியில் மின்ரம்பம் தேவைப்பட்டது. ஒட்டினார்களா, சேர்த்துத் தைத்தார்களா என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. இந்த முயற்சியிலேயே கடினமானது, கையால் பயிரிட்டு, கையால் நார் பிரித்து, கையால் நூற்று நெய்த துணியைத் தேடிப் பிடிப்பதுதான் என்று ஆல்ட்ரீட் சொல்லியிருக்கிறார். பசை கிடைத்தது, அம்பு கிடைத்தது, நூற்கத் தெரிந்த கைதான் எளிதில் கிடைக்கவில்லை.

அந்தக் கை பழைய கிரேக்கத்தில் பெண்ணுடையது. வீட்டுக்குள் மனைவியும் மகளும் அடிமைப் பெண்களும் நூற்று நெய்தார்கள். அவர்களுடைய உழைப்பையும் அளக்க முடியும் என்று காட்டியவர்களும் சோதனைத் தொல்லியலாளர்களே. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் 2005இல் தொடங்கிய ஜவுளி ஆய்வு மையத்தில் மேரி லூயிஸ் நோஷ், ஏவா ஆண்டர்சன் ஸ்ட்ராண்ட் முதலியோர், அகழாய்வில் கிடைத்த தக்களி வில்லைகளைப் போலவே செய்வித்து, கைதேர்ந்த நூற்பாளர்களைக் கொண்டு நூற்றுப் பார்த்தார்கள். வில்லையின் எடை கூடினால் நூல் தடிக்கும், குறைந்தால் மெலியும் என்பது உறுதியானது. கம்பளியில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 35 முதல் 50 மீட்டர் நூல் வந்தது.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். சென்டிமீட்டருக்குப் பத்து இழை வீதம் ஒரு சதுர மீட்டர் துணி என்று வைத்துக்கொள்வோம். பாவுக்கு 1000 மீட்டர், ஊடைக்கு 1000 மீட்டர், ஆக 2000 மீட்டர் நூல் வேண்டும். மணிக்கு 50 மீட்டர் என்றாலும் 40 மணி நேரம். பதினைந்து அடுக்குக்கு 600 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் நூற்றால் 75 நாள். ஆளி நூலுக்கு வேகம் மாறும், துணியின் நெருக்கமும் மாறும். ஆனாலும் அளவு புரிகிறது. நார் பிரித்தது, பாவு போட்டது, நெய்தது எதுவும் இதில் சேரவில்லை. ஓர் ஆண் போர்க்களத்தில் நிற்பதற்கு முன், ஒரு பெண் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறாள். ‘பெண்கள் போரில் பங்கெடுக்கவில்லை’ என்ற வாக்கியம் இந்தக் கணக்குக்கு முன் நிற்காது.

நம்மிடமும் சான்றுகள் உண்டு. கீழடி பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில் தக்களி வில்லைகளும், நெசவுக்குப் பயன்பட்டதாகக் கருதப்படும் எலும்பு முனைகளும் இடம்பெற்றன. சங்கப் பாடல்கள் பஞ்சு நூற்கும் பெண்களைப் பாடுகின்றன. ஆண் துணை இல்லாத பெண்கள் நூற்றுப் பிழைத்ததையும் பாடுகின்றன. வில்லையையும் பாடலையும் சேர்த்துவைத்து, அதே எடையில் ஒரு மண்வில்லை செய்து, நம்மூர்ப் பருத்தியில் நூற்றுப் பார்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

ஆரணிக்கு வருகிறேன். ஆங்கிலேயர் எழுதிய வரலாற்றில் எங்கள் ஊர் ஒரு போர்க்களம். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ், சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபின் படையை இங்கே தோற்கடித்தார். 1782இல் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் ஆரணி அருகே மோதின. படை எண்ணிக்கையும் பீரங்கி எண்ணிக்கையும் நூல்களில் உண்டு. ஊர் சோறு உண்ட தறிக்கு அந்தப் பக்கங்களில் இடமில்லை.

தறியைப் பற்றி எழுதும்போதும் கண் ஓரிடத்திலேயே நிற்கிறது. நாடா தள்ளுபவர் நெசவாளி, பெரும்பாலும் ஆண். பட்டு நூலை இழைபிரித்துச் சுற்றுவது, ஊடைக்குத் தார் சுற்றுவது, பாவு நீட்டும்போது அறுந்ததைக் கண்டு முடிவது, பழைய பாவின் முனையோடு புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பது, கோர்வைச் சேலைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கித் தருவது இவற்றில் பெரும்பகுதி பெண்களின் வேலை. கூலி சேலைக்குத்தான் பேசப்படுகிறது. குடும்பத்துத் தறியில் தாருக்கென்று தனிக்கூலி கிடையாது. எங்கள் தெருவில் நாற்பது வருஷமாகத் தார் சுற்றும் ஒரு பெரியம்மாவிடம், “நீங்க என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டேன். “நானா? நான் ஒண்ணும் பண்ணலம்மா. வூட்லதான் இருக்கேன். அவருக்குத் தார் சுத்திக் குடுப்பேன், அவ்ளோதான்” என்றார். பேசும்போதும் ராட்டை நிற்கவில்லை. ஓர் இழை அறுந்ததை, குனிந்து பார்க்காமலே, விரல் உணர்ந்து முடிந்தது.

அந்த விரலுக்குத் தெரிந்ததைத்தான் கோபன்ஹேகனில் ஆய்வகம் வைத்துத் தேடுகிறார்கள். இங்கே அது ‘ஒத்தாசை’ என்ற சொல்லுக்குள் அடங்கிப்போகிறது. கேடயத்துக்குக் கொடுத்த மரியாதையைத் தாருக்கும் கொடுக்க வேண்டும் என்பது உணர்ச்சிப் பேச்சல்ல, ஆய்வு முறை பற்றிய கோரிக்கை. எடை போடுங்கள், நேரம் குறியுங்கள், ஒரு சேலைக்கு எத்தனை தார், எத்தனை மணி நேரம், யாருடைய கை என்று எழுதுங்கள். விசைத்தறி வந்து, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய், தறிக்குழிகள் மூடப்பட்டுவருகின்றன. கிரேக்கக் கவசத்துக்கு நூற்கத் தெரிந்தவரைத் தேடி அலைந்ததுபோல் நாளை ஆரணிச் சேலைக்கும் அலைய நேரலாம். வரலாறு படிக்கும் மாணவிகள் ஒரு நோட்டும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு, தார் சுற்றும் பெண்ணின் பக்கத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்தால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம்.