பெயரனும் பெயரும்

தமிழர் தம் பிள்ளைகளுக்குப் பெயரிட்ட முறையை அறிதற்குப் 'பெயரன்' என்னும் சொல் ஒன்றே போதும். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் என மருவிற்று. யாழ்ப்பாணத்திலோ பாட்டனாரையும் பேரனார் என்றே அழைப்பது வழக்கம். பெயரைக் கொடுத்தவரும் பேரன்; கொண்டவனும் பேரன். ஆதலின், தம் குடும்பத்தின் பூர்வீகத்தை ஆராய விரும்புவோர் முதற்கண் கேட்கவேண்டிய வினா, "இந்தப் பெயர் முன்னர் யாருடையது?" என்பதேயாம்.

குழந்தை பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பெயரிடும்போது எம் முன்னோர் பலவற்றை நோக்கினர். ஒன்று, பாட்டன் பாட்டியர் பெயர். மற்றொன்று, சென்ம நட்சத்திரத்துக்குரிய எழுத்து. அச்சுவினிக்குச் சு, சே, சோ, லா என்பதுபோல. வேறொன்று, நேர்த்தி வைத்த தெய்வத்தின் பெயர். நல்லூரையும் கதிர்காமத்தையும் வணங்கியோர் வீட்டிலே கந்தையாவும் கதிர்காமரும் பிறந்தனர். நயினாதீவு அம்மனை வேண்டியோர் வீட்டிலே நாகலிங்கமும் நாகம்மாவும் பிறந்தனர். வல்லிபுரம் என்பது ஊருக்கும் கோயிலுக்கும் மட்டுமன்றி ஆளுக்கும் பெயராயிற்று. எங்கோ தொலைவிலிருக்கும் ஒரு குடும்பத்திலே தலைமுறைதோறும் வல்லிபுரம் என்ற பெயர் வருமாயின், அக்குடும்பத்தின் வேரைப் பருத்தித்துறைப் பக்கமும் தேடிப்பார்த்தல் தகும்.

யாவரும் அறிந்த ஒரு குடும்பத்தையே உதாரணமாகக் கொள்வோம். மானிப்பாய் அருணாசலத்தின் மைந்தர் பொன்னம்பல முதலியார். அவர் மணந்தது, 1835இல் சட்டநிரூபண சபையின் முதல் தமிழ் அங்கத்தவரான குமாரசுவாமி முதலியாரின் மகளை. அத்தம்பதிகளின் மைந்தருள் மூத்தவர் குமாரசுவாமி. தாய்வழிப் பாட்டனாரின் பெயர். 1853இல் பிறந்த இளையவர் அருணாசலம். தந்தைவழிப் பாட்டனாரின் பெயர். இருவருக்கும் இடைப்பட்டவரே சேர் பொன்னம்பலம் இராமநாதன். பாட்டனார் பெயரைச் சுமந்த அந்த அருணாசலமே பின்னாளில் பதிவாளர் நாயகமாகி, 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பையும் நடத்தி, நாட்டினர் பெயர்களையெல்லாம் ஏட்டிலேற்றும் பொறுப்பை வகித்தார். இவர்களின் மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரே கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி. அவர் பெயரின் பிற்பகுதியும் அதே பாட்டனாருடையதே; மேனாட்டு வழக்கப்படி அது குடும்பப் பெயராய் நிலைத்துவிட்டது.

பெயர்களைப் பின்தொடர்ந்து செல்கையில், சில இடங்களிலே வழி அறுந்ததுபோலத் தோன்றும். 1619இல் பறங்கியரும் 1658இல் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். உத்தியோகம் பெறவும் விவாகத்தைப் பதியவும் ஞானஸ்நானம் வேண்டப்பட்ட காலம் அது. தோம்பிலே பிலிப்பு என எழுதப்பட்டவர் வீட்டிலே வேறு பெயரால் அழைக்கப்பட்டிருக்கலாம். பின்வந்த அமெரிக்க மிசனரிமார் தம் பள்ளிப் பிள்ளைகளுக்கு, செலவுக்குப் பணம் அனுப்பிய தம் நாட்டு உபகாரிகளின் பெயரை இட்டனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான கறல் விசுவநாதபிள்ளையும், 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் இவ்வாறு இரு பெயர் தாங்கியவரே. பட்டத்தையும் பெயரென மயங்கலாகாது. நல்லூர்க் கந்தரின் மைந்தர் ஆறுமுகத்துக்கு 'நாவலர்' என்பது 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அளித்த பட்டமாகும்.

பெண்வழியை அறிவது இன்னும் கடினம். மணமானபின் பெண் இன்னாரின் மனைவி என்றே குறிக்கப்படுவாள். இதற்குச் சீதன உறுதிகள் பெரிதும் உதவும். 1707இல் எழுத்துருப்பெற்ற தேசவழமையின்படி தாயின் சீதனம் மகளுக்குச் சேரும். ஆகவே சின்னாச்சியின் காணி எவ்வாறு வள்ளியம்மைக்கு வந்தது என்பதை உறுதி சொல்லும். அதனூடே தாயையும் மகளையும் நாம் கண்டுகொள்ளலாம்.

இனி, சொல்லக் கூசுவதெனினும் சொல்லியேயாகவேண்டிய ஒன்றுண்டு. பெயரின் முதற்பாகம் தெய்வத்தைக் காட்டிற்று. விகுதியோ சாதியைக் காட்டிற்று. அதே முருகன் திருநாமத்தையே சூடியிருந்தும், ஒருவர் கந்தர், கந்தப்பிள்ளை எனவும், மற்றொருவர் வெறுங் கந்தன் எனவும் எழுதப்பட்டனர். கோயில் வாயிலிலே தடுக்கப்பட்டவர்களுக்கு 'ஆர்' விகுதியும் மறுக்கப்பட்டது. பழைய ஏடுகளைப் புரட்டும் இளைஞர் சிலர் தம் பூட்டன் பெயரைக் கண்டு பெருமிதம் அடைவர். சிலர் மனம் நோவர். நோதற்குரியவர் அந்தப் பூட்டனல்லர். விகுதியைக் கொடாதவர்களே நாணுதற்குரியர். இதனை மறைத்து எழுதும் குலவரலாறு வரலாறாகாது.

1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் எழுந்த பிறப்புப் பதிவுகளும், நொத்தாரிசு உறுதிகளும், சாதக ஓலைகளும் எமக்குத் துணையாயிருந்தன. போரிலும் இடப்பெயர்விலும் எத்தனையோ வீடுகளின் பெட்டகங்கள் அழிந்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. கடல்கடந்து வாழும் பிள்ளைகளுக்கோ தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. பாட்டன் பெயர் பத்திரத்திலே இடம்பெறாது ஒழிகின்றது. ஓசைக்காகவும் எண்கணிதத்துக்காகவும் இடப்படும் புதுப்பெயர்களிலே முன்னோர் எவரும் இல்லை.

எஞ்சியிருப்பது முதியோரின் ஞாபகம் ஒன்றே. ஆகையால், இளைஞர்காள்! அடுத்த ஓய்வு நாளிலே ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு உங்கள் அப்புவிடமும் ஆச்சியிடமும் செல்லுங்கள். அவர்கள் பெயரை அவர்களுக்கு இட்டவர் யார், ஏன் இட்டார், அப்பெயர் முன்னர் எவருடையது என்று கேட்டு எழுதுங்கள். பெரியோர்களே! பிள்ளைகள் கேட்கும்வரை காத்திராது நீங்களாகவே சொல்லுங்கள். பெருமையை மட்டுமன்றி நோவையும் சொல்லுங்கள். ஒரு பெயரின் கதை அதை அறிந்தவரோடு மறைந்துவிட்டால், அதை மீட்டுத்தர எந்தக் கச்சேரியாலும் இயலாது.